மவுஸ் மக்கர் செய்கிறதா? டாங்கிளை இடம் மாற்றிப் பாருங்கள்

வயர்லெஸ் மவுஸ் மக்கர் செய்கிறது என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது, "அடியோடு நின்றுவிட்டதா, விட்டு விட்டு ஓடுகிறதா?" என்றுதான். கம்ப்யூட்டர் சர்வீஸ் செய்கிறவன் நான். இந்த இரண்டுக்கும் வைத்தியம் வேறு வேறு.

விட்டு விட்டு ஓடினால் மவுஸைத் திட்டாதீர்கள், டாங்கிள், அதாவது மவுஸின் சிக்னலை வாங்க யுஎஸ்பி போர்ட்டில் செருகும் குட்டி ரிசீவர், எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மேசைக்கு அடியில் சிபியு, அதன் பின்பக்கம் டாங்கிள், ஒட்டினாற்போல் நீல நிற யுஎஸ்பி 3.0 போர்ட்டில் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க். வினையே இங்கேதான். மவுஸ் பேசுவது 2.4 கிகாஹெர்ட்ஸில். யுஎஸ்பி 3.0 ஓடும்போது கிளம்பும் ரேடியோ இரைச்சலும் அதே அலைவரிசையில் வந்து விழுகிறது. இன்டெல் நிறுவனமே 2012-இல் இதை விளக்கி அறிக்கை வெளியிட்டது. ஃபைல் காப்பி ஆகும்போது மட்டும் கர்சர் துள்ளினால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

டாங்கிளை முன்பக்கத்துக் கறுப்புப் போர்ட்டுக்கு மாற்றுங்கள். லேப்டாப் என்றால் ஹார்ட் டிஸ்க்குக்கு எதிர்ப்பக்கம் செருகுங்கள். அப்படியும் அடங்காவிட்டால் ஒரு யுஎஸ்பி எக்ஸ்டென்ஷன் கேபிள் வாங்கி, டாங்கிளை மவுஸ் பேட் அருகிலேயே கொண்டுவந்து வையுங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த வழி இது. குப்பைக்குப் போக இருந்த எத்தனையோ மவுஸ்களைக் காப்பாற்றியிருக்கிறது.

சற்று நேரம் சும்மா விட்டுத் தொட்டால் மட்டும் தூங்கி எழுகிறதா? விண்டோஸில் டிவைஸ் மேனேஜரில் யுஎஸ்பி ரூட் ஹப்பைத் திறந்து, பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் மிச்சம் பிடிக்க இதை கம்ப்யூட்டர் அணைக்கலாம் என்று அனுமதிக்கும் டிக்கை எடுத்துவிடுங்கள்.

அடியோடு நின்றுவிட்டால் முதலில் அடிப்பக்க சுவிட்ச், அப்புறம் புது பேட்டரி. பேட்டரி ஸ்பிரிங்கில் வெள்ளையாகப் பூத்திருந்தால், காது குடையும் பஞ்சுக்குச்சியில் துளி வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாகக் காய விடுங்கள். அடியில் சிவப்பு விளக்கு தெரியவில்லை என்பதற்காக மவுஸ் செத்துவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் ஓடும் மவுஸ்கள் நிறைய உண்டு. இன்னொரு கம்ப்யூட்டரில் டாங்கிளைச் செருகிப் பார்த்தால் கோளாறு மவுஸிலா, சிஸ்டத்திலா என்று தெரிந்துவிடும்.

டாங்கிளே தொலைந்துவிட்டால்? லாஜிடெக்கின் யூனிஃபையிங் என்ற ரிசீவர் வகையில் ஓடும் மவுஸ் என்றால், ஆரஞ்சு நிறச் சின்னம் போட்ட வேறொரு யூனிஃபையிங் ரிசீவரை வாங்கி இணைத்துக்கொள்ளலாம். அதே லாஜிடெக்கின் இன்னொரு வகையான போல்ட் ரிசீவர் அதற்கு ஒத்துவராது. விலை குறைந்த மவுஸ்கள் பலவற்றுக்கு மாற்று டாங்கிளே கிடையாது. எதற்கும் பேட்டரி மூடியைத் திறந்து பாருங்கள். டாங்கிளைச் செருகி வைக்கும் பள்ளம் பல மவுஸ்களில் அங்கேதான் இருக்கும்.