சானி பாஸ் பனியில் கால் வைக்கும் முன்

ஜூலைக் குளிரில் தென்னாப்பிரிக்காவின் டிராக்கன்ஸ்பெர்க் மலையில், சானி பாஸ் கணவாய்ப் பக்கம் உறைந்த அருவியில் ஏறப் போகும் டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் நண்பர்களுக்கு ஒரு குறிப்பு.

"இந்தப் பனி தாங்காது" என்றே தொடங்குங்கள். தாங்கும் என்பதற்குப் பனிதான் அத்தாட்சி காட்ட வேண்டும். தாங்கும் என்று நம்பிப் போனால், அதற்குத் தோதானது மட்டுமே கண்ணில் படும்.

முதலில் கோடரியால் தட்டிப் பாருங்கள். காலிக் குடம் போல் ஒலித்தால் பின்னால் பாறை இல்லை, வெற்றிடம். பிறகு ஐஸ் ஸ்க்ரூவை, அதாவது கயிறு மாட்டப் பனிக்குள் இறக்கும் குழாய் ஆணியை, திருகும்போது அதன் குழாய் வழியே வருவதைக் கவனியுங்கள். கெட்டியான துண்டாக வந்தால் நல்லது. ஈரக் கூழாக வந்தாலோ, ஸ்க்ரூ திடீரென்று தடையில்லாமல் உள்ளே போனாலோ அந்த இடத்தை விட்டுவிடுங்கள். இதில் அவசரமே கூடாது.

ஐரோப்பியப் புத்தகம் படித்துவிட்டு வடக்குச் சரிவைத் தேடாதீர்கள். தென்கோளத்தில் நமக்கு வெயில் வடக்கிலிருந்து அடிக்கிறது. தெற்குச் சரிவில்தான் பனி நிலைக்கும்.

தொங்கும் பனித்தூண் வேறு கதை. கடுங்குளிர் சட்டென்று இறங்கிய மறுநாள் காலை அது நொறுங்கும் பதத்தில் இருக்கும். பார்க்க என்னவோ அன்றுதான் அழகு! கீழே நிற்கக்கூட வேண்டாம்.

எத்தனை மணிக்குத் திரும்புவது, எதைக் கண்டால் திரும்புவது என்பதை வண்டியிலேயே எழுதிவிடுங்கள். மேலே போனபின், வந்த தூரமும் பெட்ரோல் செலவும்தான் பேசும்.

பாஸ்போர்ட் எடுத்துக்கொள்ளுங்கள், 2,876 மீட்டரில் பாஸின் உச்சி லெசோத்தோ எல்லை.