பிராக் நகரில் ஒரு நாள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடை பிறந்துவிட்டால், செக் குடியரசின் தலைநகரான பிராக்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு விருந்தினர் வரத்து ஓயாது. வியன்னாவுக்கோ பெர்லினுக்கோ வந்தவர்கள், "ஒரே ஒரு நாள் பிராக்கையும் பார்த்துவிட்டுப் போகிறோம்" என்று வந்து இறங்குவார்கள். குடை, நடப்பதற்கேற்ற காலணி, கடவுச்சீட்டு நகல் எல்லாம் கச்சிதமாக இருக்கும். அவற்றைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஊருக்குப் புதிதாக வரும் எல்லோரும் சறுக்குகிற இடங்கள் வேறு. ஆண்டுதோறும் அதே இடங்களில் சறுக்குவதைப் பார்த்துப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

சார்லஸ் பாலத்துக்குப் பத்து மணிக்குப் போவது

நான்காம் சார்லஸ் மன்னர் 1357-இல் அடிக்கல் நாட்டிய பாலம் இது. 1841 வரை இந்த நகரில் வல்டாவா ஆற்றைக் கடக்க வேறு பாலமே கிடையாது. அரை கிலோமீட்டர் நீளம் இருந்தாலும் அகலம் பத்து மீட்டர்கூட இல்லை. பத்து மணிக்குப் போனால் முன்னால் நடப்பவரின் முதுகுதான் தெரியும். ஆறு மணிக்குப் போங்கள். கோடையில் ஐந்து மணிக்கே வெளிச்சம் வந்துவிடும். இருபுறமும் நிற்கும் 30 சிலைகளையும் நின்று நிதானமாகப் பார்க்கலாம். அவற்றில் மூத்தது 1683-இல் வைத்த நேபோமுக் யோவான் என்ற புனிதரின் வெண்கலச் சிலை. 1393-இல் அவரை ஆற்றில் தள்ளிய காட்சியைப் பீடத்தில் புடைப்பாக வார்த்திருக்கிறார்கள். வருகிறவர்கள் எல்லோரும் தொட்டுத் தொட்டு அந்த இடம் மட்டும் பொன்போல் மின்னுகிறது. கூட்ட நேரத்தில் அந்தப் பீடத்தை நெருங்கவே வரிசையில் நிற்க வேண்டும்.

கோட்டைக்கு அடிவாரத்திலிருந்து ஏறுவது

பிராக் கோட்டை குன்றின்மேல் இருக்கிறது. 22-ஆம் எண் டிராமில் ஏறி மேலே போய் இறங்குங்கள். பார்த்து முடித்தபின் படிகள் வழியே நடந்து இறங்குங்கள். வயதானவர்கள் உடன் வந்தால் மறுபேச்சே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோட்டைக்குள் இருக்கும் புனித விட்டஸ் பேராலயத்தில் வழிபாடு நடப்பதால் பயணிகளை நண்பகலுக்குப் பிறகுதான் உள்ளே விடுவார்கள். 1344-இல் தொடங்கி 1929-இல்தான் கட்டி முடித்த பேராலயம் அது. உள்ளே ஓவியர் அல்போன்ஸ் மூகா வரைந்த வண்ணக் கண்ணாடிச் சாளரத்தைத் தவறவிடாதீர்கள்.

பணத்தை மாற்றும் இடத்தில் ஏமாறுவது

எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். இன்றும் இதை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது.

செக் குடியரசு ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. ஆனால் அதன் பணம் யூரோ அல்ல, கொருனா. ஒரு யூரோவுக்குச் சுமார் 24, 25 கொருனா கிடைக்கும். பழைய நகரச் சதுக்கத்தைச் சுற்றிலும் பணம் எடுக்கும் இயந்திரங்களும் நாணய மாற்றுக் கடைகளும் வரிசையாக நிற்கின்றன. அவசரத்தில் இருக்கும் பயணி அவற்றில்தான் போய் விழுகிறார்.

ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும் அவர் மனைவியும் வந்திருந்தார்கள். சதுக்கத்து இயந்திரம் ஒன்றில் ஐயா அட்டையைச் செருகி 5,000 கொருனா கேட்டார். திரையில் அதற்கான தொகை இந்திய ரூபாயில் வந்தது. 'இந்த விகிதத்தை ஏற்கிறேன்' என்று பெரிய பச்சைப் பொத்தான். கீழே மங்கலான சிறிய எழுத்தில் 'மறுக்கிறேன்'. நான் எட்டி வருவதற்குள் பச்சையை அழுத்திவிட்டார். "மறுத்தால் பணமே வராது என்று நினைத்தேன் தம்பி" என்றார். அவர் மட்டுமல்ல, பெரும்பாலோர் அப்படித்தான் நினைக்கிறார்கள். அந்தப் பயத்தை நம்பித்தான் திரையையே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தோம். 20,000 ரூபாய் மதிப்புள்ள பணத்துக்கு இரண்டாயிரத்துக்கு மேல் கூடுதலாகப் போயிருந்தது. பேரப்பிள்ளைகளுக்குப் பொம்மை வாங்க அந்த அம்மா எடுத்து வைத்திருந்த தொகை அது.

மறுத்தாலும் பணம் வரும். அந்தப் பரிவர்த்தனை கொருனாவில் பதிவாகும். ரூபாய்க்கு மாற்றும் வேலையை அட்டை நிறுவனமும் உங்கள் வங்கியும் பார்த்துக்கொள்ளும். அவர்களும் கட்டணம் எடுப்பார்கள். ஆனால் அது இந்தக் கொள்ளைக்கு அருகில்கூட வராது. உணவகத்தில் அட்டையைத் தேய்க்கும்போதும் ரூபாயா, கொருனாவா என்று கேட்டால் கொருனா என்றே சொல்லுங்கள். யூரோ ஏற்றிய அட்டையோடு வருகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொருனாவில் செலவு செய்தால் பல வங்கிகள் நாணயம் மாற்றியதற்குத் தனிக் கட்டணம் பிடிக்கும். புறப்படுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

நாணய மாற்றுக் கடைகளில் 'கமிஷன் கிடையாது' என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். கமிஷன் இல்லாமலே விகிதத்தில் கழுத்தை அறுக்கலாம். பணத்தை நீட்டும் முன், "100 யூரோ கொடுத்தால் என் கையில் எவ்வளவு கொருனா வரும்?" என்று கேளுங்கள். 2,400-ஐ ஒட்டி வராவிட்டால் நகர்ந்துவிடுங்கள். ஏமாந்தே போனாலும் ஒரு வழி இருக்கிறது. 2019 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, 1,000 யூரோ மதிப்பு வரை மாற்றிய பணத்தை மூன்று மணி நேரத்துக்குள் திருப்பிக் கொடுத்து, காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். ரசீது கையில் இருக்க வேண்டும். அதனால்தான் ரசீதைக் கசக்கி எறிபவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

தெருவில் நின்று "நல்ல விலை தருகிறேன்" என்று அழைப்பவரிடம் பேச்சே கொடுக்காதீர்கள். அது சட்டவிரோதம் என்பதோடு, கொருனா என்று சொல்லி ஹங்கேரியின் ஃபோரின்ட் நோட்டுகளைத் திணித்துவிடுவார்கள். 1,000 கொருனா சுமார் 40 யூரோ பெறும். 1,000 ஃபோரின்ட் மூன்று யூரோகூடப் பெறாது.

மணிக்கூண்டின் கீழ் காத்துக் கிடப்பது

பழைய நகரச் சதுக்கத்து மணிக்கூண்டில் இருக்கும், 1410-இல் செய்த வானியல் கடிகாரத்தில் மணிக்கொரு முறை இயேசுவின் சீடர்களான அப்போஸ்தலர்களின் உருவங்கள் தோன்றி மறைவது ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும். அத்தனை பேரும் அண்ணாந்து நிற்கும் அந்த வேளைக்காகத்தான் ஜேப்படிக்காரர்கள் காத்திருக்கிறார்கள். கடிகார முகப்பை மற்ற நேரத்தில் பாருங்கள்; சூரியனும் சந்திரனும் ராசிகளும் ஓடும் அந்த முகப்புதான் உண்மையான அதிசயம்.

டிராம் டிக்கெட்

காகித டிக்கெட் வாங்கினால் மட்டும் போதாது. மஞ்சள் பெட்டியில் நுழைத்து முத்திரை குத்துங்கள், இல்லையேல் அபராதம்.

சனிக்கிழமை

யூத அருங்காட்சியகம் மூடியிருக்கும்.

'பழைய பிராக் பலகாரம்'

அப்படிச் சொல்லி விற்கும் டிர்டெல்னிக் பிராக்கின் பழம்பெரும் பலகாரம் அல்ல. ஸ்லோவாகியாவின் ஸ்காலிட்சா ஊருக்கு உரியது. பிடித்தால் சாப்பிடுங்கள்.

மாலையைப் படகுக்குக் கொடுத்துவிடுவது

கடைசி இரண்டு மணி நேரத்தைப் படகுச் சவாரிக்கு எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். நான் என் விருந்தினர்களை விஷெராட் குன்றுக்கு அழைத்துப்போகிறேன். இசைமேதைகள் ஸ்மெடானாவும் துவோர்ஷாக்கும் காலையில் பேராலயச் சாளரத்தில் பார்த்த மூகாவும் அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில்தான் இருக்கிறார்கள். கல்லறைத் தோட்டத்தை மாலையில் பூட்டிவிடுவார்கள் என்பதால் முதலில் அங்கே போய்விட்டுப் பிறகு மதில்மேல் நடங்கள். ஆறு முழுவதும் கண்ணுக்குக் கீழே இருக்கும். மெட்ரோவின் சி தடத்தில் விஷெராட் நிலையத்தில் இறங்கிச் சற்று நடந்தால் போதும். மதில்மேல் நடக்க டிக்கெட் கிடையாது.