பழைய எயார் றைபிளோடு பழகுவது: முதல் சில கிழமைகளுக்கு

பெரியப்பா கொழும்பில் இருந்த காலம் முழுக்க அவருடைய அலுமாரியின் மேல் துணியில் சுற்றிக் கிடந்த டயானா 27 என்ற எயார் றைபிள் (காற்றழுத்தத் துப்பாக்கி) ஒன்று, இப்போது பருத்தித்துறையில் எங்கள் வீட்டில் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் வீட்டிலும் ஒன்று இருக்கிறதென்று சொன்ன இரண்டு தம்பிமாருக்காக இதை எழுதத் தொடங்கினேன். புதிதாகத் தொடங்கும் எவருக்கும் உதவும்.

முதலில் பத்திரம். எங்கள் ஊரில் துப்பாக்கி வடிவில் ஒரு பொருளை வீதியில் தூக்கிக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. கச்சேரியிலும் (மாவட்டச் செயலகத்திலும்) பொலிசிலும் கேட்டு, அனுமதி விஷயம் எழுத்தில் தெளிவான பிறகுதான் துணியை அவிழ்க்க வேண்டும். அயலட்டைக்கும் சொல்லி வையுங்கள்.

அடுத்தது, கையில் இருப்பது என்னவென்று அறிவது. பழைய டயானா ஜெர்மனியின் ராஸ்டாட் நகரத்துத் தயாரிப்பு. வில்லை எறிந்துவிட்டு றைபிளைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்த பெண் உருவம்தான் அதன் முத்திரை. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அதன் தயாரிப்பு இயந்திரங்கள் பிரிட்டனுக்குப் போய், ஸ்கொட்லாந்தில் மில்ப்ரோ நிறுவனமும் டயானா பெயரில் றைபிள் செய்தது. இரண்டின் உதிரிப்பாகங்களும் எப்போதும் ஒத்துப்போகா. ஆகவே ஸ்பிறிங் வாங்க முதல் எங்கே செய்தது என்று பாருங்கள். குழலின் அளவும் முக்கியம்: 4.5 மில்லிமீற்றரா, 5.5 மில்லிமீற்றரா? அதற்குரிய ஈயக்குண்டு மட்டும்தான் போட வேண்டும். இரும்பு உருண்டைகள் குழலின் உட்புறச் சுருள் வரிகளைத் தின்றுவிடும்.

இனி எண்ணெய். பழைய றைபிளின் உயிர் இதில்தான் இருக்கிறது, அவசரப்படாதீர்கள்.

உள்ளே நடப்பது எளிமையானது. குழலை மடக்கும்போது பிஸ்டன் பின்னுக்குப் போய் ஸ்பிறிங்கைச் சுருக்கி வைக்கிறது. விசையைத் தட்டினால் பிஸ்டன் முன்னுக்குப் பாய்ந்து காற்றை நெருக்க, அந்தக் காற்று சிறு துளை வழியாக வந்து குண்டைத் தள்ளுகிறது. பிஸ்டனின் தலையில் இருப்பது தோல் வொஷர். பல வருடம் சும்மா கிடந்தால் அது காய்ந்து சுருங்கும், காற்று பின்னால் கசியும், குண்டு சோர்ந்து விழும். எங்கள் றைபிளும் அப்படித்தான் இருந்தது. ஸ்பிறிங் போய்விட்டதென்று நான் நினைத்தேன். பெரியப்பா ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, சைக்கிள் பம்பு காத்து அடிக்காட்டி என்ன செய்வம்? தோலுக்கு எண்ணெய் விடுவமெல்லே."

அதுதான் வைத்தியம். குழலை முழுதாக மடக்காமல் கொஞ்சம் மட்டும் திறந்தால், சிலிண்டரின் முகப்பில் அந்தச் சிறு துளை தெரியும். அதில் ஐந்தாறு துளி சிலிக்கோன் எண்ணெய் விட்டு, குழலை மூடி, அடிக்கட்டை நிலத்தில் இருக்க நிமிர்த்திச் சாத்தி ஒரு இரவு விடுங்கள். எண்ணெய் இறங்கித் தோலில் ஊறும். மறுநாள் முதல் சில சூட்டில் கொஞ்சம் புகை வந்தால் பயப்பட வேண்டாம். ஆனால் துரு எடுக்கும் ஸ்பிறேயை அந்தத் துளைக்குள் அடிக்கவே கூடாது. நான் அடித்தேன். நெருக்கிய காற்றின் சூட்டில் அது டீசல் எஞ்சின் போல உள்ளேயே பற்றி, பெரிய வெடியோசையோடு நீலப் புகை வந்தது. அப்படி இரண்டு மூன்று தரம் நடந்தால் ஸ்பிறிங்கும் வொஷரும் கெடும். தேங்காய் எண்ணெயும் வேண்டாம், நாள் போகப் பிசின் போல இறுகிவிடும். குழல் மடங்கும் மூட்டுக்குத் தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி போதும்.

கசிவு நின்றதா என்று பார்க்க, குழலும் சிலிண்டரும் சேரும் இடத்தின் மேல் மெல்லிய கடதாசித் துண்டொன்றை வைத்து, குண்டு போட்டுச் சுடுங்கள். கடதாசி பறந்தால் அந்த இடத்து வொஷரும் மாற்ற வேண்டியது. குண்டில்லாமல் வெறுமனே மட்டும் தட்டாதீர்கள். முன்னால் தடுக்க ஒன்றும் இல்லாமல் பிஸ்டன் நேரே போய் மோதும்.

சுடும் இடத்துக்கு 10 மீற்றர் போதும். ஒலிம்பிக்கில் எயார் றைபிள் போட்டியும் அதே தூரம்தான். பனையோலை வேலியை நம்ப வேண்டாம், குண்டு அதைத் துளைத்துக்கொண்டு அடுத்த வளவுக்குப் போகும். பனங்குற்றியும் சரிவராது, வைரம் பாய்ந்த மரத்தில் ஈயம் பட்டால் திரும்பித் தெறிக்கும். மதிலுக்கு முன்னால் மணல் நிரப்பிய உரப்பைகளை இரண்டு அடுக்காக வைத்து, அதில் கடதாசியைக் குத்துங்கள். அலுத்தால் விழுந்த குரும்பட்டிகளை நூலில் கட்டித் தொங்கவிடலாம், பட்டவுடன் அது சுழலும் அழகே தனி. அணிலும் புலுனியும் குறி அல்ல. இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே இல்லை.

குண்டு போடும்போது விரலைக் காத்துக்கொள்ளுங்கள். இந்தப் பழைய மொடலில் பாதுகாப்புப் பூட்டு கிடையாது. குழலை மடக்கி 'க்ளிக்' கேட்ட பிறகும் ஒரு கை குழலை இறுக்கிப் பிடித்தபடியே இருக்க, மற்றக் கையால் குண்டை வையுங்கள். விசைப்பக்கம் விரல் போகக் கூடாது. தவறி விசை விட்டால் குழல் அறைந்து மூடும், இடையில் இருக்கும் விரலை மோசமாகக் காயப்படுத்தும் பலம் அதற்கு உண்டு.

பிடிப்பதில் எல்லோரும் செய்யும் பிழை இறுக்குவது. ஸ்பிறிங் றைபிள், குண்டு வெளியேற முதலே பின்னுக்கும் முன்னுக்கும் உதறும். இறுக்கிப் பிடித்தால் அந்த உதறல் ஒவ்வொரு தரமும் ஒவ்வொரு பக்கம் போகும். இடது உள்ளங்கையை விரித்து, அதன் மேல் கட்டையைச் சும்மா கிடக்க விடுங்கள். தோளிலும் மெதுவாகச் சாத்துங்கள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை மெல்ல மெல்ல அழுத்துங்கள். ஐந்து குண்டும் ஒரு இடத்தில் கூடிவந்தால், அது நடுவில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. பிறகு பின் சைற்றை (குறிபார்க்கும் பாகத்தை) திருத்தலாம்: குண்டு மேலே போக வேண்டுமென்றால் பின் சைற்றை உயர்த்த வேண்டும், வலப்பக்கம் போக வேண்டுமென்றால் வலப்பக்கம் நகர்த்த வேண்டும். எண்ணெய் விட்ட பிறகு முதல் இருபது சூட்டை வைத்து ஒன்றையும் முடிவுசெய்யாதீர்கள்.

முடிந்ததும் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், ஈயம் நஞ்சு. எங்கள் கடற்காற்றில் ஒரு கைரேகையே இரண்டு நாளில் துருவாகும். ஆகவே இரும்பு முழுவதையும் எண்ணெய்த் துணியால் துடையுங்கள். மடக்கிய நிலையில் வைக்காதீர்கள், ஸ்பிறிங் தளரும். தோலுறைக்குள்ளும் வைக்க வேண்டாம், அது ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். கறையான் ஏறாத இரும்பு அலுமாரியில், குண்டுகளை வேறிடத்தில் வைத்துப் பூட்டி, திறப்பை உங்களோடு வைத்திருங்கள். வாடை தொடங்கி மழை பிடித்தால், சுடாவிட்டாலும் கிழமைக்கு ஒரு தரம் திறந்து துடையுங்கள்.