தோசைக்கல்லைச் சுவரில் மாட்டுவது எப்படி: சிங்கப்பூர் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) சமையலறைக்கு ஒரு செய்முறை

இரவு இரண்டு மணி இருக்கும், சமையலறையில் டமார் என்று ஒரு சத்தம். ஓடிப்போய் விளக்கைப் போட்டால் இரும்புத் தோசைக்கல் அடுப்பின்மேல் கிடக்கிறது, அடுப்பின் கண்ணாடி கற்கண்டு கொட்டினதுபோல் மேடை முழுக்கச் சிதறியிருக்கிறது. கூடவே விழுந்த ஒட்டும் கொக்கியின் அட்டையில் ஐந்து கிலோ தாங்கும் என்றுதான் போட்டிருந்தது. தப்பு என்மேல்தான், வருஷக்கணக்காகத் தாளிப்புப் புகை படிந்த டைல்ஸைச் சரியாகத் துடைக்காமல் அப்படியே ஒட்டியிருந்தேன். கரண்டி, வடிகட்டி மாதிரி லேசான சாமானுக்கு ஒட்டும் கொக்கி போதும், கனமான பாத்திரம் என்றால் துளைதான் போட வேண்டும். அதை நானே கற்றுக்கொண்டு செய்த விதத்தைச் சொல்கிறேன். டிரில்லைக் கையில் தொட்டதே இல்லை என்பவருக்கும் இது புரியும்.

முதலில் தராசு

கடைக்கு ஓடுவதற்கு முன், மாட்டப்போகும் சாமான்களை ஒவ்வொன்றாக எடை போடுங்கள். எங்கள் வீட்டில் தோசைக்கல் மட்டும் 2.6 கிலோ. வாணலி, குக்கர், இரண்டு சாஸ்பேன் எல்லாம் சேர்த்து எட்டு கிலோவைத் தொட்டது. அதை இரட்டிப்பாக்கி, அவ்வளவு தாங்கும் என்று எழுதியிருப்பதை வாங்குங்கள்.

அப்புறம் பழைய தமிழ் முரசை எடுத்து ஒவ்வொரு பாத்திரத்தின் அளவுக்கும் வெட்டி, மாஸ்கிங் டேப்பால் சுவரில் ஒட்டிப் பாருங்கள். சிரிப்பு வரும், ஆனால் கைப்பிடியோடு தொங்கும் தோசைக்கல் மேடையைத் தொடுமா, மேல் கேபினட் கதவு திறக்கும்போது இடிக்குமா என்பதெல்லாம் இதில்தான் தெரியும். இரண்டு நாள் அப்படியே விட்டுச் சமைத்துப் பாருங்கள்.

எதை வாங்குவது

கம்பியும் கொக்கியும் போதும் என்பது என் கட்சி. சுவரை ஒட்டி இருக்கும் கம்பியில் எடை பெரும்பாலும் கீழ்நோக்கித்தான் இழுக்கும். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தட்டில் குக்கரை வைத்தால் அது மேல் திருகைச் சுவரிலிருந்து வெளியே பிடுங்கப் பார்க்கும், அதனால் அதே எடைக்கு அகலமான தட்டுதான் சீக்கிரம் ஆட்டம் காணும். ஓட்டைப் பலகை பார்க்க அழகு. ஆனால் மரத்தூள் பலகை நம் ஊர் ஈரப்பதத்தில் உப்பிவிடும், ஆசைப்பட்டால் இரும்பில் வாங்குங்கள். கம்பி என்றால் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்.

ஐக்கியாவில் வாங்கினால் பல சாமான்களுக்குத் திருகு உள்ளே இருக்காது. சுவருக்குச் சுவர் திருகு மாறும் என்பதால் அப்படி. திருகு உள்ளேயே வரும் பெட்டிகளிலும் பெரும்பாலும் குட்டைத் திருகுதான், அதை ஒதுக்கி வைத்துவிடுங்கள். காரணம் கீழே.

உங்கள் சுவர் எது

விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பழைய வீவக வீடுகளில் செங்கல் சுவர் உண்டு, 'தொப்' என்று அடைத்த சத்தம் வரும், துளைத்தால் சிவப்புத் தூள் கொட்டும். கான்கிரீட் என்றால் சாம்பல் தூள், டிரில் திணறும். புது வீடுகளின் தடுப்புச் சுவர் சில இடங்களில் உள்ளே பொள்ளலாக இருக்கும். டிரில் திடீரென்று வெற்றிடத்துக்குள் பாய்ந்தால் சாதா பிளக் (துளைக்குள் செருகித் திருகைப் பிடிக்க வைக்கும் குழல்) அங்கே பிடிக்காது, பொள்ளல் சுவருக்கென்று விற்கும் பிளக் வேண்டும், இல்லாவிட்டால் வேறு சுவர் பாருங்கள்.

பாம் ஷெல்டர் என்று நாம் சொல்கிற பாதுகாப்பு அறையின் சுவர் சமையலறைப் பக்கம் இருந்தால் அதை விட்டுவிடுங்கள். அதில் துளை போடக் குடிமைத் தற்காப்புப் படையின் கட்டுப்பாடுகள் உண்டு. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

சுவிட்ச், பிளக் பாயிண்ட் இருக்கும் இடத்துக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் பக்கவாட்டிலும் துளைக்கக் கூடாது, ஒயர் அந்த வழியாகத்தான் போயிருக்கும். தண்ணீர்க் குழாய்க்கும் இதே கதை. இருந்தாலும் சமையலறை மின்சாரத்தை மெயின் பெட்டியில் அணைத்துவிட்டு, கூடத்திலிருந்து எக்ஸ்டென்ஷன் இழுத்து வேலை செய்யுங்கள்.

துளை போடுவது

வார நாளில் காலை 9 மணிக்கு மேல், மாலை 5 மணிக்குள் முடித்துவிடுங்கள். ஞாயிறும் பொது விடுமுறையும் வேண்டவே வேண்டாம். பக்கத்து வீட்டு ஆன்ட்டியிடம் முதல் நாளே சொல்லிவைத்தால் நல்லது.

தேவையானவை: ஹேமர் வசதி (சுற்றிக்கொண்டே இடிக்கும் வசதி) உள்ள டிரில், டைல்ஸ் பிட் (டிரில்லில் மாட்டும் துளையூசி) ஒன்று, கான்கிரீட் பிட் ஒன்று, இரண்டும் 6 மி.மீ., 6 மி.மீ. நைலான் பிளக், 50 மி.மீ. நீளத் திருகு, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி, ரசமட்டம் (மட்டம் பார்க்கும் கருவி). போர்சலின் டைல்ஸாக இருந்தால் சாதா டைல்ஸ் பிட் வழுக்கிக்கொண்டே இருக்கும், வைரத்தூள் பூசிய பிட் வாங்க வேண்டும்.

குறி போடும் இடத்தில் மாஸ்கிங் டேப்பைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டி அதன்மேல் பென்சிலால் புள்ளி வையுங்கள், பிட் நழுவாது. டைல்ஸ் ஓரத்திலிருந்து மூன்று விரல் உள்ளே தள்ளி வையுங்கள். இப்போது ஹேமரை அணைத்துவிட்டு, மெதுவான வேகத்தில், அழுத்தாமல் சுற்றுங்கள். கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும், பொறுமை. வெள்ளைத் தூள் நின்று வேறு நிறத்தில் தூள் வந்தால் டைல்ஸைத் தாண்டிவிட்டீர்கள். அப்போதுதான் கான்கிரீட் பிட்டுக்கு மாறி ஹேமரைப் போட வேண்டும். முதலிலேயே ஹேமர் போட்டால் டைல்ஸ் விரிசல் விடும். பாதியில் டங்கென்று இரும்பில் முட்டினால் முரட்டுத்தனம் காட்டாமல் நிறுத்துங்கள், துளையை இரண்டு அங்குலம் தள்ளிப் போடலாம்.

எவ்வளவு ஆழம்? டைல்ஸ் ஏறக்குறைய 10 மி.மீ., பிளக் 30 மி.மீ., தூள் தங்க இன்னொரு 10 மி.மீ. ஆக 50. பிட்டில் அந்த அளவில் ஒரு டேப் சுற்றிவிட்டால் அளக்க வேண்டியதில்லை.

இனி சொல்வதைத்தான் பலர் தப்பாகச் செய்கிறார்கள். பிளக்கின் வாய் டைல்ஸ் மட்டத்தில் நிற்கக் கூடாது. திருகு ஏறும்போது பிளக் விரியும், டைல்ஸுக்குள்ளேயே விரிந்தால் டைல்ஸ் பிளந்துகொள்ளும். திருகை இரண்டு மூன்று சுற்று பிளக்கில் ஏற்றி, சுத்தியலால் மெல்லத் தட்டி, பிளக் முழுதும் டைல்ஸுக்குப் பின்னால் இருக்கும் சுவருக்குள் போகும்வரை தள்ளுங்கள். குட்டைத் திருகை ஏன் ஒதுக்கச் சொன்னேன் என்று இப்போது தெரிந்திருக்கும்: 30 மி.மீ. திருகு கம்பியையும் டைல்ஸையும் தாண்டுவதற்குள் பாதி தீர்ந்துபோகும்.

மாட்டுவது

எல்லாத் துளையையும் ஒரேயடியாகப் போடாதீர்கள். ஒரு முனையை லேசாகத் திருகி, ரசமட்டம் வைத்து மறு முனையைக் குறியுங்கள். டைல்ஸ் கோடே கொஞ்சம் சரிந்திருந்தால் என்ன செய்வது? நான் டைல்ஸ் கோட்டைத்தான் பின்பற்றினேன். மட்டம் சரியாக இருந்தும் கோட்டோடு சேராத கம்பி தினமும் கண்ணை உறுத்தும்.

முதல் நாள் கரண்டி மட்டும் மாட்டுங்கள். மறுநாள் கம்பியைப் பிடித்துக் கீழே இழுத்துப் பாருங்கள், ஆடவில்லை என்றால் கனமானவற்றைத் திருகு இருக்கும் முனைகளுக்குப் பக்கத்தில் மாட்டுங்கள். ஒரு வாரம் கழித்துத் திருகை இன்னொரு கால் சுற்று இறுக்குங்கள். தோசைக்கல்லை ஈரம் போகத் துடைத்து, எண்ணெய் தடவி மாட்டினால்தான் துருப் பிடிக்காது. அடுப்புக்கு நேர் மேலே மட்டும் எதுவும் தொங்க வேண்டாம். எங்கள் வீட்டுக் கல் இப்போது ஸிங்க் பக்கத்தில் தொங்குகிறது, புது அடுப்பும் கண்ணாடி அடுப்புதான்.