ஹாப்ஸ்பர்க் தாடையை வைத்து வம்சப் படம் போடப் பழகுவது

தாய்மாமனைக் கட்டினவர்கள், அத்தை மகளைக் கட்டினவர்கள் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன், டொங்காட், வெருலம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் மூன்று தலைமுறை பின்னால் போனால் ஒரு ஜோடியாவது அகப்படும். அந்த உறவு பிள்ளைகளை எந்த அளவுக்குத் தொட்டிருக்கும் என்று கணக்குப் போட்டே பார்க்கலாம். கையைப் பழக்க, ஸ்பெயினை 1700 வரை ஆண்ட ஹாப்ஸ்பர்க் அரச குடும்பம் வசதியானது. யார் யாரைக் கட்டினார்கள், எந்தக் குழந்தை எப்போது செத்தது என்பதெல்லாம் எழுத்தில் இருக்கிறது. முகங்கள் ஓவியத்தில் இருக்கின்றன.

ஒரு ஏ3 தாள், பென்சில், ரப்பர், ஸ்கேல் போதும். பேனா வேண்டாம், எப்படியும் அழிப்பீர்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், ஆணா பெண்ணா தெரியாவிட்டால் சாய்சதுரம், கலைந்த கருவுக்குச் சின்ன முக்கோணம். இறந்தவர் மேல் குறுக்குக் கோடு. ஆராயும் நோய் உள்ளவரை நிரப்பிக் கறுப்பாக்குங்கள். கணவன் மனைவியைக் கிடைக்கோடு சேர்க்கும். அவர்கள் சொந்தம் என்றால் இரட்டைக் கோடு. பிள்ளைகளை மூத்தவர் இடது பக்கம் வர வரிசையாகப் போடுங்கள். ஒரு தலைமுறை ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். மாமன் மருமகள் (அக்கா தங்கை மகள்) கல்யாணத்தில் இது இடறும். மாமன் ஒரு மட்டம் மேலே இருப்பார். அவரைக் கீழே இழுக்காமல் கோட்டைச் சாய்த்துப் போடுங்கள், இல்லாவிட்டால் பிறகு வழி எண்ணும்போது ஆள் தவறும்.

இனி இரண்டாம் சார்லஸ் (1661–1700). தகப்பன் நான்காம் பிலிப், தாய் மரியானா. மரியானா பிலிப்பின் சொந்தத் தங்கை மகள். அதாவது தாய்மாமன் கல்யாணம், 1649இல் நடந்தது. மரியானாவின் பெற்றோரே சொந்தம்தான்: அவள் தகப்பன் மூன்றாம் பெர்டினாண்டு கட்டியது தன் அத்தை மகளை.

கணக்கு இப்படி. தகப்பனில் தொடங்கி, இருவருக்கும் பொதுவான முன்னோர் வரை ஏறி, தாயிடம் இறங்குங்கள். வழியில் உள்ளவர்களை, தகப்பனையும் தாயையும் சேர்த்து, எண்ணுங்கள். எத்தனை பேரோ அத்தனை முறை ½ஐப் பெருக்குங்கள். எல்லா வழிகளையும் கூட்டினால் வருவது உட்கலப்புக் கெழு, அதாவது தாய் வழியும் தகப்பன் வழியும் பிள்ளைக்கு வரும் ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே முன்னோரிடமிருந்து வந்திருக்கும் வாய்ப்பு.

முதல் வழி: நான்காம் பிலிப் – அவர் தகப்பன் மூன்றாம் பிலிப் – தங்கை மரியா அன்னா – மரியானா. நான்கு பேர், 1/16.
இரண்டாம் வழி: அதே பாதை, ஆனால் பிலிப்பின் தாய் மார்கரீட்டா வழியாக. இன்னொரு 1/16. ஆக 0.125.
மூன்றாவதும் நான்காவதும்: நான்காம் பிலிப் – மார்கரீட்டா – அவள் தகப்பன் (அடுத்த வழியில் அவள் தாய்) – அவள் அண்ணன் இரண்டாம் பெர்டினாண்டு – மூன்றாம் பெர்டினாண்டு – மரியானா. ஆறு பேர், 1/64. இரண்டும் சேர்ந்து 0.031.

இதுவரை 0.156. ஆனால் ஸ்பானிய மரபியலாளர்கள் 2009இல் வெளியிட்ட கணக்கில் சார்லஸின் கெழு 0.254. அண்ணன் தங்கைக்குப் பிறந்த பிள்ளைக்கே 0.25தான். மீதி எங்கிருந்து வந்தது? பொதுவான முன்னோர் தானே சொந்தத்தில் பிறந்தவராக இருந்தால் அவருடைய வழியை (1 + அவர் கெழு) என்பதால் பெருக்க வேண்டும். மூன்றாம் பிலிப்பும் தாய்மாமன் கல்யாணத்துப் பிள்ளை, அவர் கெழு 0.218. அதனால் முதல் வழி 0.0625இலிருந்து 0.076 ஆகிறது. அதற்கும் மேலே பழைய கல்யாணங்களின் சின்னச் சின்ன வழிகள் அடுக்கடுக்காகச் சேருகின்றன. வம்சத்தைத் தொடங்கிய முதலாம் பிலிப்புக்கு 0.025தான் இருந்தது. அந்தக் காலத்து ஸ்பானிய அரசர்களின் 11 கல்யாணங்களில் 9 சொந்தத்துக்குள்ளேயே நடந்தவை. சொந்தக் கல்யாணம் ஒரு தலைமுறையில் நடப்பதற்கும் தலைமுறை தோறும் நடப்பதற்கும் உள்ள தூரத்தை இந்த எண்கள் காட்டுகின்றன. உங்கள் வீட்டில் தாத்தா ஆயா மட்டும் மாமன் மருமகள், அதற்கு மேலும் கீழும் அந்நியம் என்றால், அவர்கள் பிள்ளைகளுக்கு 0.125, பேரப்பிள்ளைகளுக்குப் பூஜ்யம். இதைக் கேட்டால் பலருக்கு நம்பிக்கை வராது, ஆனால் கணக்கு அப்படித்தான்.

வழி எண்ணுவதில் அடிக்கடி வரும் தவறுகள்: ஒரே ஆளை ஒரு வழியில் இரண்டு முறை தொடுவது, தாத்தாவை எண்ணி ஆயாவை விடுவது, தகப்பன் ஒன்று தாய் வேறு என்ற பிள்ளைகளை ஒரு வயிற்றுப் பிள்ளைகளாகப் போடுவது. கடைசியில் சொன்னதில் பொது முன்னோர் ஒருவர்தான், ஆகவே பாதிதான் வரும்.

செத்த குழந்தைகளை விடாதீர்கள். 1527 முதல் 1661 வரை ஸ்பானிய அரச குடும்பத்தில் பிறந்த 34 பிள்ளைகளில் 10 பேர் ஒரு வயதுக்குள், 17 பேர் பத்து வயதுக்குள் போய்விட்டார்கள். பெயர் வைக்கும் முன்னே போன குழந்தையைப் பெரியவர்கள் தாமாகச் சொல்ல மாட்டார்கள். 'எத்தனை பிள்ளைகள்?' என்று கேட்காமல் 'எத்தனை பிரசவம்?' என்று கேளுங்கள்.

முகத்துக்கு வருவோம். ஹாப்ஸ்பர்க் தாடை என்று பேர் போனதில் இரண்டு சங்கதி கலந்திருக்கிறது: கீழ்த்தாடை முன்னே துருத்துவது, மேல்தாடை வளராமல் உள்ளே நிற்பது. 2019இல் வந்த ஆய்வில் 10 தாடை அறுவை நிபுணர்கள் 15 பேரின் 66 ஓவியங்களைப் பார்த்து இரண்டையும் தனித்தனியே மதிப்பிட்டார்கள். கீழ்த்தாடை அதிகம் துருத்தியது நான்காம் பிலிப்புக்கு. சார்லஸைக் கரேனோ தெ மிராண்டா தீட்டிய படத்தில் பாருங்கள்: நீண்ட முகம், தட்டையான கன்ன எலும்பு, கீழே வளைந்த மூக்கு நுனி, பிதுங்கிய கீழுதடு. முதலாம் பிலிப்பின் மகன் ஐந்தாம் சார்லஸின் தாடையைத் தாடி மறைக்கிறது. ஓவியரும் கொஞ்சம் மறைத்திருப்பார்.

வீட்டுப் படங்களில் அதைத் தேடினால் ஏமாறுவீர்கள். பக்கவாட்டுப் படம் இல்லாமல் தாடையைச் சொல்ல முடியாது. போனை முகத்துக்குக் கிட்டப் பிடித்து எடுத்தால் மூக்கு பெருத்து முகம் மாறும். ஒன்றரை மீட்டர் தள்ளி நின்று எடுங்கள். பல் விழுந்த பெரியவருக்குக் கீழ்த்தாடை அளவுக்கு மீறி மேலேறி மூடும், முகவாய் முன்னே வரும். அது பல் போனதன் விளைவு, பரம்பரை அல்ல. பல்செட் போட்ட படத்தை எடுங்கள். தாடை குடும்பத்தில் வருவதாலேயே நோயும் வருகிறது என்று எழுதாதீர்கள். இரண்டாம் சார்லஸ் நாலு வயதில்தான் பேசினார், எட்டு வயதில்தான் நடந்தார், இரண்டு மனைவியர் இருந்தும் பிள்ளையில்லை. இதற்கு மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியின் சுரப்புக் குறைவும் சிறுநீரகக் கோளாறும் காரணமாக இருக்கலாம் என்பது அனுமானம்தான். அவர் இதயம் மிளகளவு இருந்தது என்ற கதையை ஒதுக்குங்கள். அப்படிப்பட்ட இதயத்தோடு யாரும் 38 வயது வாழ முடியாது.

விக்டோரியா ராணி குடும்பத்து இரத்தம் உறையாத நோயையும் சொந்தக் கல்யாணத்தின் தலையில் போடுகிறார்கள், தப்பு. அது பெண்கள் சுமந்து ஆண்களைப் பிடிக்கும் நோய். அந்நியத்தில் கட்டினாலும் வரும். விக்டோரியாவின் மகன் லியோபோல்டுக்கு இருந்தது, மகள்கள் ஆலிஸும் பியாட்ரிஸும் சுமந்தார்கள், ஆலிஸின் பேரன் ரஷ்ய இளவரசன் அலெக்ஸிக்கு வந்தது. படத்தில் வட்டங்கள் வழியாக இறங்கிக் கறுத்த சதுரங்கள் வந்தால் இதை நினையுங்கள்.

தென்னாப்பிரிக்காவில் இன்னொன்று கவனிக்க வேண்டும், போர்ஃபிரியா என்ற பரம்பரை நோய். கேப்பில் 1688இல் கல்யாணம் செய்த ஒரு டச்சு ஜோடியின் வழியாக ஆப்பிரிக்கானர் (டச்சு வழிவந்த வெள்ளையர்) குடும்பங்களில் பரவியது. வெயில் படும் கையில் கொப்புளம், வயிற்று வலி, கறுத்த சிறுநீர். சில மயக்க மருந்துகள் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜின் மனநோய்க்கும் போர்ஃபிரியாவே காரணம் என்று 1966இல் எழுதினார்கள். இன்று பலர் ஏற்பதில்லை. உங்கள் படத்தில் ஆப்பிரிக்கானர் கிளை இருந்தால் ஆபரேஷனுக்கு முன் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

டர்பன் இருக்கும் நேட்டாலில் மேல் தலைமுறைக்கு ஆதாரம், ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்களின் கப்பல் பதிவேடுகள். 1860 நவம்பர் 16இல் மெட்ராஸிலிருந்து வந்த ட்ரூரோ கப்பல் முதல் 1911 வரை, ஒவ்வொருவருக்கும் எண், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, கிராமம், அங்க அடையாளம் என்று எழுதியிருக்கிறது. அங்க அடையாளம் ஆளை உறுதி செய்ய உதவும். வடுவும் மச்சமும் பரம்பரையைச் சொல்லாது. பழைய சொத்துக் கோப்புகளில் உள்ள மரண அறிவிப்பில் பெற்றோர், துணை, பிள்ளைகள் பெயர்கள் கிடைக்கும்.

குடும்பப் பெயரை நம்பி உறவு போடாதீர்கள். நாயுடு, பிள்ளை, கவுண்டர், முதலியார் எல்லாம் இங்கே குடும்பப் பெயராக உறைந்துவிட்டன. ஒரே பெயர் இருப்பதால் ஒரே இரத்தம் ஆகாது. சில வீடுகளில் தகப்பன் பெயரே குடும்பப் பெயராகி, அண்ணன் தம்பிக்கே வேறு பெயர். கப்பலில் கூட வந்தவரையும் மாமா என்று அழைத்திருப்பார்கள்; 'உங்கள் அம்மாவும் அவரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகளா?' என்று கேட்டு உறுதி செய்த பிறகே கோடு போடுங்கள்.

பொதுவாக எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையோடு குழந்தை பிறக்க 2 முதல் 3 சதவீத வாய்ப்பு உண்டு. அத்தை மாமன் பிள்ளைகள் கட்டினால் அதன்மேல் ஏறத்தாழ அதே அளவு கூடும். கெழுவை வைத்து நோய் சொல்ல முடியாது. படம் முழுக்கச் சர்க்கரை வந்தாலும் பதற வேண்டாம், அதற்குச் சாப்பாடும் உடம்பு எடையும் பல மரபணுக்களும் சேர்ந்தே காரணம். ஒரே தாய் தகப்பனுக்கு இரண்டு பிள்ளைகள் ஒரே விதமாகக் குறையோடு பிறந்திருந்தாலோ, சொந்தத்தில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தாலோ மரபியல் ஆலோசகரைப் பாருங்கள். போகும்போது கெழு எழுதிய துண்டைவிட, ஒவ்வொருவரும் இறந்த வயதும் காரணமும் குறித்த படத்தின் நகல்தான் அவருக்கு வேண்டும்.