மேடையில் கையும் காலும்: புதிதாகப் பேசுபவர்களுக்கு ஒரு செய்முறை

மைக் முன்னால் போய் நின்றதும் கைகளை எங்கே வைப்பது என்று தெரியாமல் போகும். ஒன்று பாக்கெட்டுக்குள் நுழையும், இன்னொன்று குறிப்புச்சீட்டைச் சுருட்டிக்கொண்டிருக்கும். கையசைவைப் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டுமோ என்று பயப்படாதீர்கள். அது எல்லோருக்கும் இயல்பாகவே வருவது. பிறவியிலேயே பார்வையற்றவர்களும் பேசும்போது கையை அசைக்கிறார்கள், எதிரில் இருப்பவரும் பார்வையற்றவர் என்று தெரிந்தும் அசைக்கிறார்கள் என்று 1998இல் 'நேச்சர்' இதழில் வந்த ஆய்வு காட்டியது. மேடையில் பதற்றம் அந்த இயல்பைக் கட்டிப்போட்டுவிடுகிறது. அந்தக் கட்டை அவிழ்த்துவிட்டு, எந்தச் சொல்லுக்கு எந்த அசைவு என்று முடிவு செய்தால் போதும்.

1. சொற்களைக் கோடிடுங்கள்

உரையை எழுதி முடித்ததும் பென்சிலை எடுங்கள். அளவு, எண், திசை, இரண்டு பக்கங்களை ஒப்பிடும் இடம், இவற்றை மட்டும் கோடிடுங்கள். 5 நிமிட உரைக்கு 6 முதல் 8 இடங்கள் போதும். வரிக்கு வரி கை ஆடினால் எது முக்கியம் என்று கேட்பவருக்குத் தெரியாது.

2. கைக்கு ஓர் இருப்பிடம்

இரண்டு கைகளும் தொப்புளுக்குச் சற்று மேலே, விரல் நுனிகள் லேசாகத் தொட்டபடி இருக்கட்டும். விரல்களைக் கோக்க வேண்டாம். கோத்த கையைப் பிரிப்பதே ஒரு தனி வேலையாகிவிடும், அதற்குள் சொல் போய்விடும். முழங்கைக்கும் விலாவுக்கும் நடுவே ஒரு கைமுட்டி நுழையும் அளவு இடைவெளி விடுங்கள். முழங்கை விலாவோடு ஒட்டியிருந்தால் மணிக்கட்டு மட்டும்தான் துடிக்கும், பார்ப்பவருக்குப் பயம் மட்டும்தான் தெரியும்.

3. சொல்லும் கையும் சேரும் நொடி

புதியவர்கள் அதிகம் தவறுவது இங்கேதான். ஒவ்வொரு அசைவிலும் மூன்று பகுதிகள் உண்டு: கை எழுவது, அழுத்தமாக நிற்பது, இருப்பிடத்துக்குத் திரும்புவது. நடுப்பகுதி அழுத்தம் விழும் சொல்லோடு சேர வேண்டும். ஒரு இம்மி முந்தினால் பரவாயில்லை, பிந்தினால் மனப்பாடம் செய்த நடிப்பாகத் தெரியும்.

இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள்: "இடுப்பளவு இருந்த தண்ணீர், ஒரு மணி நேரத்தில் கழுத்துவரை ஏறிவிட்டது." 'இடுப்பளவு' என்னும்போது உள்ளங்கை கீழ்நோக்கி இடுப்பு உயரத்தில் நிற்கட்டும். 'ஒரு மணி நேரத்தில்' என்று சொல்லும்போதே கை மெல்ல எழத் தொடங்கி, 'கழுத்துவரை' வரும்போது கழுத்தருகே வந்து நின்றுவிட வேண்டும். 'ஏறிவிட்டது' முடியும்வரை அங்கேயே வைத்திருந்து, பிறகு இறக்குங்கள். தமிழில் வினை கடைசியில் வருவதால் பலர் 'ஏறிவிட்டது' என்ற சொல்லில் கையைத் தூக்குகிறார்கள். ஆனால் அழுத்தம் பெரும்பாலும் வினைக்கு முந்தைய சொல்லில்தான் விழும், கையும் அங்கேதான் சேர வேண்டும்.

எண்ணைக் காட்டும்போது விரல்களைத் தோள் உயரத்துக்குக் கொண்டுவாருங்கள், கடைசி வரிசைக்கும் தெரியும். அன்று, இன்று என்று இரண்டு காலங்களைக் காட்டும்போது 'அன்று' உங்கள் வலப்பக்கம் இருக்கட்டும், ஏனென்றால் எதிரில் இருப்பவர்களுக்கு அதுதான் இடப்பக்கம். அவர்கள் கண் இடமிருந்து வலமாகப் படித்துப் பழகியது. கூட்டத்தை நோக்கி ஆள்காட்டி விரலை நீட்டாமல் விரித்த உள்ளங்கையை நீட்டுங்கள். வெளிநாட்டவர் கலந்திருக்கும் அவையில் கட்டைவிரலை உயர்த்துவதும், விரலால் வளையம் காட்டுவதும் வேண்டாம். சில நாடுகளில் அவை வசைக்குச் சமம்.

சின்ன அறையில் முழங்கையிலிருந்து அசைத்தால் போதும். பெரிய அரங்கில் தோளிலிருந்து அசைக்க வேண்டும்.

4. கால்

இரண்டு பாதங்களிலும் எடை சமமாக இருக்கட்டும், தோள் அகல இடைவெளி. ஒரு காலில் எடையைப் போட்டால், அது வலித்ததும் மறு காலுக்கு மாறுவீர்கள். ஊஞ்சல் மாதிரி ஆடுவது அங்கிருந்துதான் ஆரம்பிக்கும்.

மேடையில் நடு, இடம், வலம் என்று மூன்று இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு கருத்து முடிந்து அடுத்தது தொடங்கும்போது மட்டும் இரண்டு மூன்று அடி நகருங்கள். எந்தப் பக்கம் போகிறீர்களோ அந்தப் பக்கக் காலை முதலில் எடுத்து வைத்தால் கால் பின்னாது. முக்கியமான வரியை மட்டும் நடந்துகொண்டே சொல்லாதீர்கள். நின்று, முகம் பார்த்து, பிறகு சொல்லுங்கள்.

5. மைக்

கையில் பிடிக்கும் மைக் என்றால் ஒரு கை அதற்கே போய்விடும். தாடைக்கு மூன்று நான்கு விரற்கடை தள்ளி அந்தக் கையை அசையாமல் வைத்து, மறு கையால் மட்டும் பேசுங்கள். வாக்கியத்தின் நடுவே கை மாற்றினால் குரல் விட்டு விட்டுக் கேட்கும். சட்டையில் குத்தும் மைக் இருந்தால் 'என் மனசார' என்று நெஞ்சில் கை வைக்கும்போது கவனம், அரங்கம் முழுக்க 'தொம்' என்று கேட்கும். உள்ளங்கையை நெஞ்சுக்கு ஓர் அங்குலம் முன்னாலேயே நிறுத்திவிடுங்கள். ஒலிபெருக்கிப் பெட்டிக்கு எதிரே போய் நின்றால் மைக் ஊளையிடும், ஆகவே பெட்டிகள் எங்கே இருக்கின்றன என்று முன்பே பார்த்துவிட்டு நடக்கும் எல்லையை வகுத்துக்கொள்ளுங்கள்.

6. ஒத்திகை

கண்ணாடி முன்னால் பழக வேண்டாம். கண் கையையே பின்தொடரும், பேச்சு தடுமாறும். செல்போனை மார்பு உயரத்தில் நிறுத்தி, தலை முதல் பாதம் வரை தெரியும்படி பதிவு செய்யுங்கள். முதலில் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். பிறகு இரட்டை வேகத்தில் ஓட்டுங்கள். மூக்கைத் தொடுவது, ஒரே மாதிரி கையை வெட்டுவது, முன்னும் பின்னும் ஆடுவது, எல்லாம் பளிச்சென்று தெரிந்துவிடும். ஒரு ஒத்திகைக்கு ஒரு பழக்கத்தை மட்டும் திருத்துங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகப் பிடித்தால் கை மறுபடி மரத்துப்போகும்.

மேடையில் ஒரு அசைவு பாதியில் மறந்துபோனால், கையை இருப்பிடத்துக்குக் கொண்டுவந்து ஒரு மூச்சு விட்டு, அடுத்த வரிக்குப் போய்விடுங்கள். விட்டுப்போன அசைவை யாரும் கவனிக்க மாட்டார்கள்.