எண்டோமெட்ரியோசிஸ் வலியா? கீகலுக்கு முன்னால் இதைச் செய்யுங்கள்

எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் நோய்) என்றதும் "கீகல் பண்ணுங்க, இடுப்பு பலமாகும்" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். கீகல் என்பது இடுப்புத்தளத் தசைகளை, அதாவது சிறுநீர்ப்பை, கருப்பை, மலக்குடலை அடியிலிருந்து தாங்கும் தசைகளை, இறுக்கி இறுக்கி விடும் பயிற்சி. ஆனால் பலருக்குப் பலவீனம் பிரச்சினையே இல்லை, மாதாமாதம் வலியைத் தாங்கித் தாங்கி இடுப்புத்தளத் தசைகள் இறுகிப்போய்க் கிடக்கும், அதை இன்னும் இறுக்கினால் வலிதான் கூடும்.

முதலில் தளர்த்தப் பழகுங்கள். மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, ஒரு கையை மார்பிலும் இன்னொன்றை வயிற்றிலும் வைத்துக்கொண்டு மூக்கு வழியாக மெதுவாக மூச்சை இழுங்கள். வயிற்றில் இருக்கும் கை எழ வேண்டும், மார்புக் கை அதிகம் அசையக் கூடாது. அப்போது சிறுநீர் கழிக்கத் தொடங்கும்போது வருவது போன்ற தளர்வு அடியில் தெரியும். வாய் வழியாக நிதானமாக விடுங்கள், வயிற்றை எக்க வேண்டாம். 5 நிமிடம் போதும். அப்புறம் பாலாசனம் (மண்டியிட்டு, குதிகால்மேல் உட்கார்ந்து முன்னால் குனிந்து படுப்பது), முழங்கால்களை அகட்டி, வயிற்றுக்கடியில் ஒரு தலையணை வைத்து.

வலி குறைந்த நாட்களில் நடை. மாதவிலக்கு நாட்களில் வெந்நீர்ப் பையும் மூச்சுப் பயிற்சியும் மட்டும் என்றாலும் சரி, யாரும் மார்க் போடப் போவதில்லை.

பயிற்சி நோயைக் குணப்படுத்தாது, அதனால் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். உடலுறவின்போதோ மலம் கழிக்கும்போதோ வலித்தால் கூச்சப்படாமல் மகளிர் மருத்துவரிடம் சொல்லி, இடுப்புத்தளப் பயிற்சி தெரிந்த பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.